அப்பாவின் இடது இடுப்பு

என் கண்ணு, நான் நல்லா இருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். உங்கப்பா நல்லா இருக்கறதா அவரே சொல்லிக்கறார், நான் சொல்லமாட்டேன். ஆறு மாசமா முட்டி வலின்னு அவர் தடவாத தைலம் இல்ல. போன வாரம் கெஞ்சிக் கூத்தாடி பிசியோதெரபி பண்ற பொண்ணுகிட்ட இழுத்துட்டுப் போனேன். அவ முட்டியைத் தொடவே இல்ல. இடது கால்ல மட்டும் நில்லுங்கன்னா. நின்னார், வலது பக்க இடுப்பு பொசுக்குனு இறங்கிடுச்சு, பெல்ட்டே கோணலாகிடுச்சு. இடுப்பெலும்பு மேல விசிறி மாதிரி விரிஞ்சு, தொடை எலும்போட வெளிப்பக்கத்து மேட்டுல வந்து ஒட்டிக்கற தசை ஒண்ணு இருக்காம். நாம ஒரு காலைத் தூக்கறப்போ அந்தப் பக்கம் சாயாம, ஊனின கால் பக்கத்துலேர்ந்து இழுத்துப் பிடிக்கறது அதுதானாம். முப்பது வருஷம் சலூன்ல இடது பக்கமே சாஞ்சு நின்னு முடி வெட்டினதுல அது வலுவிழந்து, பாரமெல்லாம் முட்டிக்கு வந்திடுச்சாம். ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைப் பதினைஞ்சு தடவை தூக்கணும், அவ்வளவுதான் வைத்தியம். அதுக்கு இந்த மனுஷனுக்கு வெட்கமாம்!

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியருக்கு ஷேவ் பண்றப்போ இடது கால் மடங்கி இவர் சாய, கத்தி அவர் காதுக்குக் கீழ கீறிடுச்சு. அவர் பெருந்தன்மையா பஞ்சை அமுக்கிக்கிட்டுப் போயிட்டார். இவர் கடையைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தவர்தான், மூணு நாள் கத்தியையே தொடல. நாலாம் நாள், கை நடுங்கலடி, கால்தான்னு சொல்லி அழுதுட்டார். என் கோபம் போன இடம் தெரியல. அப்ப படுங்கன்னேன். படுத்தார். ஏழு தடவைக்கு மேல கால் ஏறல, அதுலயும் அவரை எண்ண விட்டா நாலுலேர்ந்து ஆறுக்குத் தாவறார்னு நானே பக்கத்துல உட்கார்ந்து சத்தமா எண்ணறேன்.

நேத்து மறுபடியும் படுக்கமாட்டேன்னு அடம். கேட்டா நீ போன்ல, வயசாச்சுப்பா அப்படித்தான் இருக்கும், கடையை விட்டுடுங்கன்னு சொன்னியாம். என் பொண்ணே சொல்லிட்டாங்கறார். உன்னை யாருடி கேட்டது? ஆறுதல் சொல்றேன்னு ஆளையே உட்கார வெச்சுட்டே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, உடம்பு எப்படின்னு கேட்காதே, கடையை எப்பப்பா திறக்கறீங்கன்னு கேளு. அந்த ஒரு கேள்விக்கு எழுந்து நிப்பார், எனக்குத் தெரியும்.

நீயும் பாத்திரம் கழுவறப்போ ஒரே பக்கமா சாஞ்சு நிக்கறவதான். ரெண்டு கால்லயும் நில்லு. எந்தக் குறையும் இல்லாம நீண்ட நாள் நல்லா இருங்க ரெண்டு பேரும்.

இப்படிக்கு,
எண்ணி எண்ணியே தொண்டை வத்திப்போன
உன் அம்மா