தொட்டியோரச் சுவரின் மூன்று டிகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே மூவரும் சுகம், உன் இருமல் நின்றதா என்று தெரிந்தால் என் மனதுக்கும் சுகம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானியைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்கே காய்ச்சலா?” என்றார். பையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிட்டேன். தம்பிக்குப் பரீட்சை, புத்தகம் திறந்தபடி இருக்கிறது, அவன்தான் எங்கேயோ இருக்கிறான்.

என் வேலை உனக்குத் தெரியும். வெளியே எவ்வளவு வெயில், ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் போனது என்று தினமும் ஒப்பிட்டுப் பார்ப்பது. வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறும், அது நியாயம். மூன்று மாதமாக வெயில் ஏறாமல் மின்சாரம் மட்டும் ஏறியது. ஏசி ஆப்பரேட்டர் அண்ணன் இயந்திரங்களை வீணாக ஓடவிடுகிறார் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நாளைக் காலைக் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. “மேடம், உங்க பேப்பர்ல ஊரே குளுகுளுன்னு இருக்கு. ஒருநாள் மொட்டை மாடிக்கு வந்து நின்னு பாருங்க” என்று மட்டும் சொன்னார். அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

வெளி வெயிலை அளக்க மாடியில் இருந்த வெப்பநிலைப் பெட்டியை, முழங்கால் வலியில் படியேற முடியவில்லை என்று, கீழே தண்ணீர்த் தொட்டியோரச் சுவருக்கு மாற்றச் சொன்னவள் நான். அதுவும் மூன்று மாதம் முன்புதான். இன்று உன் வெப்பமானியை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், இரண்டும் ஒரே அளவு காட்டின. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, பெட்டி இருந்த பழைய நிழலில் அதைத் தொங்கவிட்டேன். அரைமணி கழித்து அங்கே முப்பத்தைந்து, இறங்கி வந்து பார்த்தால் கீழே முப்பத்திரண்டு. தொட்டி கசிந்து சுவர் முழுக்க ஈரம். ஈரச் சுவரின் குளிர்ச்சியை ஊர் வெயில் என்று எழுதிவந்திருக்கிறேன். அவருடைய இயந்திரங்கள் உண்மையான வெயிலுக்குத்தான் ஓடியிருக்கின்றன.

படுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிடு, வெந்நீர் குடி, ஞாயிறு போன் பண்ண மறந்துவிடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வெப்பமானி இப்போதைக்கு மாடியிலேயே தொங்கட்டும்.

அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளை கூட்டத்தில் வேறு யாரும் வாய் திறக்கும் முன், அந்த அண்ணன் எதிரிலேயே, தப்பு என்னுடையது என்று சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கப் போகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா