நூற்று நாற்பத்தேழு கையெழுத்து

2019 ஜூலை 9, செவ்வாய்

வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது. காலை நாலரைக்கு இன்னமும் கண் தானாகத் திறந்துகொள்கிறது. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய உடம்பு, சொன்னால் கேட்குமா?

தேர்தலில் ஜெயித்த பிறகு விட்டால் போதாதா என்று என் வீட்டுக்காரர் ஓடெல் கேட்டார். போதும்தான். ஆனால் கல்வி வாரியத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த வாரியத்துக்கு என்னை அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச்சில் லின்வுட் பள்ளியை மூட முடிவெடுத்தார்கள். ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கினார்கள். நாலாவது கை எங்கள் வார்டு உறுப்பினர் கிளெய்டன் ரஸ்க்குடையது. அந்த ஒரு நாற்காலி மாறினால் முடிவும் மாறும்.

இதை என் மண்டையில் ஏற்றியவள் என் சிநேகிதி பெர்னிஸ். அவளுடைய சலூனில் தலையைக் கழுவக் கொடுத்துவிட்டு நான் கண்ணை மூடியிருந்தபோது சொன்னாள். "ரஸ்க்கை எதிர்த்து நிக்க உன்னை விட்டா யாரு இருக்கா கோரா? இந்த வார்டுல பாதிப் பேரை நீதான் ஸ்கூல்ல கொண்டு விட்டிருக்க."

ஓடெலிடம்கூட அப்போது சொல்லவில்லை. அவளிடம்தான் முதலில் சரி என்றேன்.

ஜூலை 20, சனி

வேட்பாளர் பட்டியலில் பெயர் வர நூற்றைம்பது வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். பெர்னிஸ் இரண்டு தாள் எடுத்துக்கொண்டாள். இன்று சலூனுக்குப் போனேன். தாள்கள் முன்மேஜையில் பத்திரிகைகளோடு கிடந்தன, பக்கத்தில் ஒரு பேனா. முடி உலர்த்தும் நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பெர்னிஸ் உள்ளே யாருக்கோ தலை கழுவிக்கொண்டிருந்தாள்.

தாளின் அடியில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது: ஒவ்வொரு கையெழுத்தும் என் கண் முன்னால் போடப்பட்டது என்று தாளைக் கொண்டுபோகிறவர் உறுதி சொல்ல வேண்டும். கேட்டேன். சிரித்தாள். "சுத்தி கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன்மா. எனக்குத் தெரியாம இங்க ஈகூட உட்காராது."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து மீன் விருந்து. நாற்பத்தொரு கையெழுத்து. கையெல்லாம் எண்ணெய், தாளெல்லாம் எண்ணெய்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கொடுத்தாயிற்று. நூற்று எண்பத்து மூன்று. தேர்தல் அலுவலகப் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

பெர்னிஸ் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தாள். மகள் ஐவியையும் கூட்டி வந்திருந்தாள். ஐவிக்கு ஒன்பது வயது, காது கேட்காது. லின்வுட்டில் அவளைப் போன்ற பதினொரு பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. டீச்சர் சைகையிலேயே அதட்டுவார், சைகையிலேயே சிரிக்க வைப்பார். அந்தப் பிள்ளைகள் இடைவேளையில் கையால் சண்டை போட்டுக்கொள்வதைப் பேருந்திலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். பள்ளி போனால் அந்த வகுப்பும் போய்விடும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பெரிய பயம்.

வாசலில் பெர்னிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை நிஜம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

என் மனுவுக்கு யாரோ ஆட்சேபணை கொடுத்திருக்கிறார்கள். முகவரியைப் பார்த்தால் ரஸ்க்கின் தெரு. மொத்தம் பதினாறு தாள். ஆட்சேபணை இரண்டே தாள் மேல். இரண்டும் பெர்னிஸுடையவை.

அவளுக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பாவம், வேலையாக இருப்பாள். அவளுக்கு இது தெரிந்தால் துடித்துப் போவாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

விசாரணை பத்து மணிக்கு. பெர்னிஸ் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள் — எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து அவள் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்தேன். அவள் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆட்சேபணைக்காரரின் வக்கீல் அவளைக் கூப்பிட்டார். இந்தத் தாள்களில் இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. தாளை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டேன். யார் யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

உறுதிமொழியில் ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். அதன் அர்த்தம் தெரியாமல் செய்துவிட்டேன், தெரிந்ததும் மனசாட்சி உறுத்தியது என்றாள். மனசாட்சி!

இரண்டு தாளும் தள்ளுபடி. முப்பத்தாறு கையெழுத்து போய்விட்டது. மிச்சம் நூற்று நாற்பத்தேழு. மூன்று குறைவு.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. எழுந்து நின்று பொய் என்று கத்தக்கூட எனக்கு வழியில்லை. நானும்தானே பார்த்தேன்? பார்த்துவிட்டுச் சிரித்தேனே?

ஆகஸ்ட் 16, வெள்ளி

சாப்பிடவில்லை. ஓடெல் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

திங்களன்று சலூன் மூடியிருக்கும். பின்கதவைத் தட்டினேன். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் மடிப்பதை நிறுத்தவில்லை.

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

ஜூலைக் கடைசியில் ரஸ்க் அவளைக் கூப்பிட்டுப் பேசினாராம். லின்வுட் மூடத்தான் போகிறது, ஆனால் ஐவியின் வகுப்பை டீச்சரோடு அப்படியே புதுக் கட்டிடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாராம். இந்தத் தேர்தல் அமைதியாக முடிந்தால்.

ஜூலைக் கடைசி. அப்படியானால் ஆறாம் தேதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதது?

"நான் ஜெயிச்சா வகுப்பு மட்டும் இல்லடி, பள்ளியே நிக்கும்" என்றேன்.

"ஜெயிச்சா" என்றாள். "தோத்தா நீ உன் வீட்டுக்குப் போயிருவ கோரா. நான் எங்க போவேன்? என் பிள்ளையை வச்சு நான் சூதாட முடியாது."

என்னிடம் சொல்லியிருக்கலாமே, நானே விலகியிருப்பேனே என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "விலகியிருக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியும்."

விலகியிருப்பேனா? வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். தெரியவில்லை. அவள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பதில் சொல்லும் உரிமையைக்கூட அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாவிட்டாலும், வாக்காளர் தன் கையால் பெயரை எழுதினால் அந்த வாக்கு எண்ணப்படும். அதற்குத் தனியாக விண்ணப்பம் இருக்கிறதாம், திங்களன்று கடைசி நாளாம். ஓடெல்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"வேலையையும் விட்டாச்சு. சும்மா உட்கார்ந்து அழுறதுக்கு நடந்துட்டாவது வரலாம்ல" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

நூற்றுப் பன்னிரண்டு வீடு. இடது குதிகால் வீங்கியிருக்கிறது. ஒரு வீட்டில் நான் பேருந்தில் கூட்டிப்போன பையன் இப்போது கைக்குழந்தையோடு நிற்கிறான். என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

பெர்னிஸின் தெருவுக்குள் நான் போகவில்லை. நாளைக்கும் போக மாட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

எல்லோரும் ஒரே கேள்வி: உன் சிநேகிதி எங்கே? கடையில் வேலை அதிகம் என்று சொல்லி வைக்கிறேன். அவளுக்காகப் பொய் சொல்கிறேனா, எனக்காகவா?

நவம்பர் 5, செவ்வாய்

வாக்களிக்கப் போனபோது எனக்கு ஆறு பேர் முன்னால் பெர்னிஸ். திரும்பவில்லை. அவள் மறைப்புக்குள் வெகுநேரம் நின்றாள். அச்சிட்ட பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்ப அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு பெயரை எழுதத்தான் ஆகும்.

இதையெல்லாம் நினைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 6, புதன்

ரஸ்க் 1,904. நான் 1,377.

பெயரே அச்சிடாத ஒருத்திக்கு ஆயிரத்து முந்நூற்று எழுபத்தேழு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று ஓடெல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அச்சிட்டிருந்தால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

2020 ஜனவரி 14, செவ்வாய்

கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். காது கேளாத பிள்ளைகளின் வகுப்பைக் கலைத்து, மூன்று நாலு பேராக மூன்று பள்ளிகளுக்கு அனுப்பப் போகிறார்கள். டீச்சருக்கு வேறு ஊரில் வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. பெர்னிஸ் ரஸ்க்கிடம் போய்க் கேட்டதற்கு, அது நிர்வாகத்தின் முடிவு, நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றாராம். எழுத்தில் எதுவும் இல்லையே.

வேண்டும் அவளுக்கு — முதலில் அதுதான் வந்தது. மறைப்பானேன். பாதி வழி அந்த நினைப்பு இனிப்பாகவே இருந்தது. அப்புறம் ஐவியின் முகம் வந்தது. அந்தப் பிள்ளையோடு எனக்கென்ன கோபம்.

ஜனவரி 28, செவ்வாய்

வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். லின்வுட்டைப் பற்றிப் பேச நான் பெயர் கொடுத்திருந்தேன். நாலு பக்கம் எழுதி, ஓடெல் கடிகாரத்தைப் பார்க்க வீட்டில் ஏழு தடவை படித்துப் பார்த்தேன்.

எனக்கு முன்னால் பெர்னிஸின் பெயர்.

அவள் காகிதம் எதுவும் கொண்டு வரவில்லை. ரஸ்க்கைப் பார்த்து, நீங்கள் என்னிடம் சொன்னீர்கள் என்று ஆரம்பித்தாள். அதைப் பாதியில் விட்டாள். பிறகு ஐவி பிறந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து வயதுவரை மகள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாமலே வளர்த்தது; இந்த வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரம் ஐவி வீட்டுக்கு வந்து சைகையில் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னது; பயத்தையாவது சொன்னாளே என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து தான் அழுதது. இருபது வருடப் பழக்கம், எனக்கே இது தெரியாது. அங்கே மணி அடித்துவிட்டது. நேரம் முடிந்தது என்று ரஸ்க் சொன்னார். அவள் நகரவில்லை. அடுத்தது திருமதி மேஃபீல்ட் என்று என்னைக் கூப்பிட்டார்.

எழுந்தேன். காகிதம் கையிலேயே இருந்தது.

"என் மூணு நிமிஷத்தை இவங்களுக்குக் குடுக்கிறேன்" என்றேன்.

விதியில் அதற்கு இடம் உண்டா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உண்டு. பெர்னிஸ் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மிச்சத்தையும் சொன்னாள். வகுப்பைக் கலைக்கும் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். லின்வுட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெளியே படியில் அவள் காத்திருந்தாள். என் பெயரைச் சொன்னாள். ஒரே ஒரு தடவை, மெதுவாக. பனி உறைந்து படி வழுக்கியது. ஓடெலின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடியே இறங்கி, காருக்குப் போனேன்.