இரண்டு முடிச்சு மூட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

கண் மங்கிவிட்டது, கால் இன்னும் நடக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எதிர்க்கடைத் தையல்காரர் எழுதுகிறார். ஒரு வார்த்தையைக்கூட வெட்டித் தைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

ரயில் பாலம் ஆற்றோடு போன வருஷம் நினைவிருக்கிறதா? சில்லறைத் தட்டுப்பாட்டில் பஸ் கண்டக்டர் மிச்சக் காசுக்கு மிட்டாய் கொடுத்தாரே, அதே வருஷம். உன் அக்காவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து ஒன்று போய் ஒன்று தங்கியது. தங்கியதைக் கையில் வாங்கி, என்ன அத்தான் இது, சுண்டைக்காய் அளவுல இருக்கு என்று சிரித்தாய். அன்றிலிருந்து என் மகளுக்கு அதுவே பேர்.

அந்த வருஷம்தான் உன் ஆராய்ச்சிக்கு நான் கொடி பறித்தேன். காலேஜில் எனக்கு எலிக்கூண்டு கழுவும் வேலை, உனக்கு டாக்டர் பட்டப் படிப்பு. அந்தக் கசப்புக் கொடியின் இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டது இந்தக் கைதான். சீட்டு எழுதத் தெரியாததால் மூட்டைக் கயிற்றில் முடிச்சுப் போடுவேன். பூக்கும் முன் பறித்ததற்கு ஒரு முடிச்சு, காய்விட்ட பின் பறித்ததற்கு இரண்டு. ஒரே கொடிதானே அத்தான் என்று நீ எல்லா மூட்டைக்கும் ஒரே சீட்டு ஒட்டினாய். கொடி ஒன்றுதான். சாறு ஒன்றில்லை.

கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்து, மருந்து தெளித்துச் சூடு காட்டுவாயே, புள்ளி புள்ளியாக நிறம் ஏறும். ஒரு முடிச்சுக்கு மூன்று புள்ளி. இரண்டு முடிச்சுக்கு நாலு, நாலாவது மஞ்சள். படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும் மச்சான். ஒரு முடிச்சுச் சாறு குடித்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது. நீ துள்ளிக் குதித்தாய். இரண்டு முடிச்சு குடித்த பதினொரு எலிகளும் இருபதே நாளில் மல்லாந்தன. நீ அறுக்கும்போது பக்கத்தில் நின்றேன். ஈரல் வெந்த கிழங்கு மாதிரி கையோடு வந்தது. கூண்டுல ஏதோ சீக்கு அத்தான், இதை நோட்டுல ஏத்தினா என் மூணு வருஷமும் போச்சு, வெளியில மூச்சு விட்டுடாதீங்க என்றாய். விடவில்லை. எலிகளைப் புதைத்தவனும் நானே. பாவத்தில் பாதி என்னுடையது. முழுசையும் உன் தலையில் கட்ட வரவில்லை.

உன் அக்காவுக்குச் சர்க்கரை வந்தபோது, தம்பி கண்டுபிடித்த மருந்து என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டே அந்தக் கொடியில் கஷாயம் வைத்துக் குடித்தாள். காய்விட்ட கொடி ஆகாதடி என்று கத்தினேன். என் தம்பி படிச்சு எழுதினது பொய்யி, உங்க கயித்து முடிச்சு நிஜமா என்று கேட்டாள். எலிகளைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே. கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தாள். பதினாறு வருஷம் ஆகிறது. நீ ஃபோனில் அழுதாய். என்ன வியாதி என்று கேட்கவில்லை.

போன வாரம் உன் தாள் வந்தது. பெரிய விருதாம், பழைய சோதனைகளில் எதையும் மறைக்கவில்லை என்று அப்போது கூட இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். உன் வாத்தியார் போய்விட்டார், ஸ்டோர் கீப்பரும் போய்விட்டார். ஆகவே இந்தக் கைநாட்டு. பெருவிரல் வைக்கிற இடத்தில் வட்டம்கூடப் போட்டு அனுப்பியிருக்கிறாய். அக்கறைக்குக் குறைச்சல் இல்லை.

இப்போது கேள். போன மாதம் என் மகளுக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை ஓரங்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் உன் கட்டுரையைத் தேடிப் படித்துக் கஷாயம் வைக்கிறாள். இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் இலை பறிக்கிற கொடியில் இப்போது காய் தொங்குகிறது. இந்தத் தடவை எலிகளையும் சொல்லிவிட்டேன். அப்படி நடந்திருந்தா மாமா எழுதியிருக்க மாட்டாரா, அவரு என்ன உங்களை மாதிரியா அப்பா என்கிறாள். ஒரு நாள் சட்டியைக் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து தன் அறையில் வைத்துப் பூட்டுகிறாள்.

அவளுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. பதினொரு எலி என்று உன் கையால் எழுது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்கு மட்டும். அது அவள் கைக்கு வந்த அன்றே உன் வட்டத்தில் விரல் வைக்கிறேன். பொய்ச்சாட்சிதான். எழுபத்தாறு வயதில் இந்த விரலுக்கு வேறு என்ன மரியாதை மிச்சம்? விருதை வாங்கிக்கொள். உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

ஃபோனில் சொன்னால் நம்ப மாட்டாள். எழுத்தைத்தான் நம்புவாள், அதுவும் உன் எழுத்தை. தாமதிக்காதே. உன் அக்கா வயிற்றில் பிறந்து இன்னும் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
சுண்டைக்காயின் அப்பா