இடைவேளையில் இடம் மாறியவர்கள்

சனிக்கிழமை இரவு

அண்ணை அங்கே வருவார் என்று தெரிந்துதான் இவர் என்னையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்த முதல் உதைபந்தாட்டம் இது. எங்கள் பகுதிக் கழகமும் அண்ணை இருக்கும் பக்கத்துப் பகுதிக் கழகமும் மோதின. எதிரணியின் கோலுக்குப் பின்னால் நிற்பதுதான் அங்கே வழக்கமாம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாற, ஆட்களும் ஒரே ஒடுங்கிய பாதையால் மாறினார்கள்.

அதில் அண்ணை எதிரே வந்தார். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு இவரும் அவரும் பேசியதில்லை. மாதா கோவிலில்கூட வேறு வேறு வாங்கில்தான் உட்காருவார்கள். விலக இடமில்லை. நான் என் தேநீரைப் பார்த்தேன்.

“என்ன மச்சான், உங்கட கோல்கீப்பர் நல்ல நித்திரை போல?” என்றார் இவர்.

அண்ணை இவருடைய கழுத்தில் கிடந்த எங்கள் கழகச் சால்வையைப் பார்த்தார். “உமக்கு இந்தக் கலர் பொருந்தேல்லை.”

இருவரும் சிரிக்காமல் கடந்து போனார்கள்.

இரண்டாம் பாதியில் அண்ணையின் அணி இரண்டு கோல் போட்டு வென்றது. கடைசிக் கோல் ஓஃப்சைட் என்று வீடு வரை இவர் வாதாடினார். தோற்றவர் போலவே இல்லை. இரண்டு வசனத்தை வைத்து நான் எதையும் நம்பப்போவதில்லை. ஆனாலும் நல்ல பசி எடுத்தது.

ஞாயிறு

பூசையில் அண்ணை தன் வழமையான வாங்கில்தான் இருந்தார். முடிந்ததும் வாசலில் என்னைக் கடந்து இவரிடம் போனார்.

“அது ஓஃப்சைட்தான், மச்சான்.”