செருப்புக்குக் காவல்

குகைக்குள் பயந்தது நீங்கள். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியது நான். ஊருக்குத் திரும்பியதும் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள், சகலை. சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். செத்தவரிடம் சண்டை போடக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீங்கள் என்னைச் சண்டை போடவும் விடவில்லையே.

நேற்று உங்கள் விசில் என் கடைக்கு வந்தது. உங்கள் வீட்டுக்காரி வசந்தாதான் கொடுத்தனுப்பியிருந்தாள். "அவரு விசிலு ஊத மாட்டேங்குது மாமா, உள்ள உருண்டை சிக்கிக்கினு கீது போல, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று போனில் சொன்னாள். நந்தனம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கபடிக்கு நடுவராக நின்று நீங்கள் ஊதிய அதே பித்தளை விசில். கழுத்துக் கயிற்றில் இன்னும் கிராம்பு வாசனை இருக்கிறது. பல்வலி என்று ஓயாமல் வாயில் அடக்கிக்கொண்டிருப்பீர்களே, அந்தக் கிராம்பு. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வார்னிஷ் நெடியைத் தவிர வேறு எதுவும் மூக்கில் ஏறாது. அதையும் தாண்டிக்கொண்டு வந்தது. எங்கேயும் முன்னால் வந்து நிற்கிற குணம் உங்கள் கிராம்புக்கும் இருக்கிறது.

புளித்தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் நெம்பி, உருண்டையை விடுவித்தேன். சரியாகிவிட்டதா என்று வாசலுக்கு வந்து ஊதினேன். சைதாப்பேட்டை மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற ஆட்டோக்காரர், "இன்னா நைனா, டிராபிக் போலீஸ்ல சேந்துக்கினியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விசில் எதற்காகத் தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகன் பிரபு வருகிற சனி, ஞாயிறு எல்லாரையும் கொல்லிமலைக்குக் கூட்டிப்போகிறான். அதே மலை, அதே ஆறு, அதே குகை. போன வாரம் கூப்பிட்டான்.

"பெரியப்பா, நீங்க கண்டிப்பா வரணும். ஏறி எறங்கல்லாம் வேணாம். குகை வாசல்ல உக்காந்து பையையும் செருப்பையும் பாத்துக்கினா போதும்."

"நானும் உள்ள வரேன்டா."

"உங்களுக்குத்தான் இருட்டு ஆகாதே. அப்பா சொல்லிக்கீறாரு."

அப்பா சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமாக இந்தக் குடும்பத்தில் தீர்ப்பு இந்த இரண்டு வார்த்தைதான். அப்பா ஆபீசர், அப்பா சொல்லியிருக்கிறார். பெரியப்பா எட்டாவதோடு நின்றவர், கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை போனது நினைவிருக்கிறதா? பிரபு அப்போது அரைக்கால் சட்டைப் பையன். வேனில் ஏற ஒரு விசில், இறங்க ஒரு விசில், புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு விசில். என் வீட்டுக்காரி கஸ்தூரி தன் தங்கையிடம், "ஏன்டி, இவரு வூட்லயும் ஊதுவாரா?" என்று கேட்டாள். வசந்தா, "வூட்ல நான் ஊதுவேன்க்கா" என்றாள். நீங்கள் அதற்கும் ஊதினீர்கள்.

முதல் நாள் ஆறு. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் பேண்ட்டை மடித்துக்கொண்டு கரையில் நின்றீர்கள். நான் நடுவே நின்று, பிள்ளைகள் பிடித்துக்கொள்ளக் கல் அடுக்கினேன். திடீரென்று விடாமல் விசில். யாரோ அடித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஓடிவந்தால், உங்கள் கெண்டைக்காலில் அட்டை. உப்பைத் தடவி எடுத்துப்போட்டது நான்தான். அந்த அட்டைக் கதையை ஒரு கல்யாணப் பந்தியிலாவது எடுத்திருப்பேனா?

மறுநாள் குகை. சித்தர் இருந்த இடம், உள்ளே பாறைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது, முதல் நாள் நாம் இறங்கிய ஆற்றுக்குத்தான் அது போகிறது என்று வழிகாட்டியாக வந்த மலைக்காரர் சொன்னார். பாறையிலிருந்து தண்ணீர் எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சிறு வயது ஆசை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருவதற்குள் என்னை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குகைக்குள் ஊற்று இருப்பதாக முன்பே கேள்விப்பட்டு, அதற்காகவே கடையில் உட்கார்ந்து, பழைய ஸ்கூட்டர் பேட்டரியும் ஹெட்லைட் பல்பும் வைத்து, டிபன் டப்பாவுக்குள் பொருத்தி ஒரு விளக்குச் செய்து எடுத்து வந்திருந்தேன். "குடுங்க சகல" என்று வாங்கிக்கொண்டீர்கள். கொடுத்தேன்.

சித்தர் குகைக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளியே விட்டால் குரங்கு தூக்கிக்கொண்டு போகும். பெண்களையும் பிள்ளைகளையும் செருப்புகளோடு வாசலில் நிறுத்தினீர்கள். மலைக்காரர், "நான் முன்னால போறேன் சார்" என்றார். நீங்கள் விடவில்லை. "நானும் சகலையும் பாத்துட்டு வரோம், அப்புறம் எல்லாரும் போலாம்."

குனிந்து போனோம். அப்புறம் தவழ்ந்து போனோம். வௌவால் நாற்றம். தூரத்தில் தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரு வளைவில், முன்னால் போன உங்கள் கையில் விளக்கு நகராமல் நின்றுவிட்டது.

"இன்னா சகல?"

 பல்லில் கடித்திருந்த விசில் மட்டும் உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீச், கீச் என்றது. பிறகு என் சட்டையைப் பிடித்தீர்கள். பிடித்த வேகத்தில் தையல் விட்டது. "மூச்சு வரல சகல. வெளிய இட்டுனு போங்க."

அந்த ஒரு வளைவைத் திரும்பியிருந்தால் ஊற்றைப் பார்த்திருப்பேன். திரும்பவில்லை. உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே தவழ்ந்து, உங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வாசலில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். என் சட்டை கிழிந்திருக்கிறது. "இன்னா விசில் சத்தம், இன்னா ஆச்சு?" என்று வசந்தா கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் சொன்னீர்கள்: "சகலைக்கு ஒத்துக்கல. இருட்டுன்னா பயம் போல. அதான் ஊதினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரபு ரொம்பச் சிரித்தான். "நீங்கல்லாம் போய்ட்டு வாங்க, சகலைக்குத் துணையா நான் உக்காந்துக்கறேன்" என்று பெருந்தன்மையாக வேறு சொன்னீர்கள். அவர்கள் மலைக்காரரோடு என் விளக்கை எடுத்துக்கொண்டு என் ஊற்றைப் பார்க்கப் போனார்கள். நாம் இருவரும் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தோம்.

அப்போதுதான் சொன்னீர்கள். சின்ன வயதில் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டதை, மேலே மூடியைப் போட்டுவிட்டு ஆட்கள் போய்விட்டதை.  "பசங்க முன்னாடி வாணாம் சகல. வூட்டுக்குப் போனதும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க." சரி என்றேன். நான் சரி என்றால் அது சரிதான். அது உங்களுக்கும் தெரியும். அதுதான் என் கோபமே.

அதன் பிறகு நான் பட்டதைக் கேளுங்கள். ஊருக்கு வந்த அன்றே கஸ்தூரி படுக்கை அறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டாள். எனக்காகவாம். வெளிச்சம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இன்றுவரை அந்த நீல பல்பு எரிகிறது. பியூஸ் போனால் மறுநாளே புதிது வாங்கி மாட்டுகிறாள். கரண்டு போனால் மெழுகுவத்தி முதலில் என் பக்கம் வரும். ஊரெல்லாம் கரண்டு வேலை பார்க்கிறவன் நான், என்னைப் பார்த்து என் பேரப்பிள்ளைகள், "தாத்தா, பயப்படாத, வந்துரும்" என்கிறார்கள். வடபழனியில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடிந்ததும் வெற்றிலையோடு நீங்கள் அந்தக் கதையை எடுப்பீர்கள். நான் தவழ்ந்ததை நடித்துக் காட்டுவீர்கள். நடித்து முடித்ததும் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பீர்கள். இலையில் கடைசியாக இருக்கும் ஜாங்கிரியை என் பக்கம் தள்ளுவீர்கள். ஜாங்கிரிக்கா நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

கடைசியில் அந்த ஸ்கேன். ஆஸ்பத்திரியில் குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் படுக்கவைத்து உள்ளே தள்ள வேண்டும் என்றார்கள். நீங்கள் மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டீர்கள். சகலையைக் கூப்பிடுங்கள், வந்தால் போகிறேன் என்றீர்கள். கடையைப் போட்டது போட்டபடி வந்தேன். பிரபு வாசலில் மடக்கினான். "உங்களுக்கே ஆகாதே பெரியப்பா, நீங்க உள்ள போய் இன்னா பண்ணப் போறீங்க?" நீங்கள் ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். கேட்டது என்று எனக்குத் தெரியும், இமை அசைந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மெஷின் போட்ட சத்தம் என் கடை ட்ரில்லிங்கை விட மோசம். பெருவிரலை அழுத்தினால் நீங்கள் திருப்பி அசைத்தீர்கள். வெளியே வந்ததும், "குகை சகல" என்று சிரித்தீர்கள். "இந்த வாரம் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு சொல்லிடறேன்" என்றீர்கள். நான் நம்பினேன். இந்த வயதிலும் உங்களை நம்பினேன் பாருங்கள்.

இன்று காலை விசிலைக் கொடுக்கத் தி.நகருக்கு நேரில் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வாக்குக் கொடுத்தது உங்களுக்கு, நீங்களோ இல்லை, வாக்கும் முடிந்தது என்று நியாயமும் தயாராக வைத்திருந்தேன். வசந்தா விசிலை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"பேத்தி இத குகைக்குள்ள ஊதணும் மாமா. அவ தாத்தா மொத ஆளா போன எடம். ஆபீசுல ஒருத்தருக்கும் அவர் மேல மரியாதை இல்லன்னு பொலம்புவாரு. அந்த மலைலதான் மனுசன் ராஜா மாதிரி நின்னாரு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். காப்பி கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது படிவரை வந்து, "நீங்க வாசல்லயே உக்காந்துக்கோங்க மாமா, உங்களுக்கு இன்னாத்துக்குக் கஷ்டம்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன். எப்படி முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள் பாருங்கள். அவிழ்த்தால் உங்கள் மனைவிக்கு ராஜா போய்விடுவார். அவிழ்க்காவிட்டால் நான் மறுபடியும் செருப்புகளுக்கு நடுவே.

அவிழ்க்கப் போவதில்லை. உட்காரவும் போவதில்லை. பரணிலிருந்து டிபன் டப்பா விளக்கை இறக்கிவிட்டேன். புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது. என் கையை விட்டு அது இறங்காது.

ஆகவே நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். வசந்தா தன் கதையை இஷ்டம்போலச் சொல்லிக்கொள்ளட்டும், ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம். பேத்தி ஊற்றுப் பக்கத்தில் நின்று விசில் ஊத வேண்டும். அந்த வளைவில் அவளுக்கு முன்னால் விளக்கோடு நான் போவேன். பிரபு பைகளைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வர வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால்தான் அவனுக்குச் சில விஷயம் புரியும். திரும்பி வந்த அன்றே கஸ்தூரி அந்த நீல பல்பைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் நான் கழற்றுவேன்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, சகலை. எல்லாரும் உள்ளே போனதும் வாசலில் ஆள் இருக்காது. குரங்குகள் வரும். நல்ல வெளிச்சமாகப் பார்த்து ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். செருப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய்விட்டு வருகிறேன்.