கேரட் மாப்பிள்ளை

ஏப்ரல் 12

திண்டிவனத்தில் கல்யாணச் சேலை எடுத்தோம். என்னைக் கட்டிக்கொள்ளப்போகும் தமிழரசன் முந்தானையை விரித்துப் பிடித்தார். உள்ளங்கை மஞ்சள். மூக்கோரமும். மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவர். மாசியில் நிச்சயத்தன்று கருப்பாக, நன்றாகத்தான் இருந்தார்.

சின்னப்பாப்பா அத்தை என் காதில், "இன்னாடி இது, மஞ்சக் காமாலையா?"

காதில்தான் சொன்னாள். கடை முழுக்கக் கேட்டது.

ஏப்ரல் 13

அத்தையின் கணவர் அப்பாவு மாமா — அம்மாவின் தம்பி — காலையிலேயே தீர்ப்போடு வந்துவிட்டார்.

"குடிகாரப் பய, அக்கா. ஈரல் போச்சு. எக்கியார்குப்பத்துல கள்ளச்சாராயம் குடிச்சு அத்தினி பேரு செத்தும் புத்தி வரல பாரு. கல்யாணத்த நிறுத்து."

குடியின் கேட்டைப் பற்றி மாமா பேசும்போது பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசக் கூடாது.

அம்மா அழுகிறாள். அப்பா இல்லாத வீடு. தாய்மாமன் சொல்தான் சட்டம்.

எனக்குத் தமிழரசன் வேண்டும். எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 14

தமிழரசனிடம் போனில் கேட்டேன். உடம்புக்கு என்ன?

"ஒண்ணுமில்லீங்க. கேரட் ஜூஸ். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. நடுவுல பப்பாளி."

"எதுக்கு?"

"நிச்சயத்தன்னிக்கு உங்க அத்தை சொன்னாங்கல்ல, பையன் நெறம் மட்டுன்னு. ஒரு மண்டலம் குடிச்சா செவப்பா ஆவலாம்னு வீடியோல..."

சிவப்புக்கு டிக்கெட் வாங்கியவர் மஞ்சளில் இறங்கிவிட்டார்.

ஏப்ரல் 15

படித்த தாவரவியலுக்கு வீட்டில் முதல் வேலை. கேரட்டின் நிறம் கரோட்டின். உடம்பு அதில் தனக்கு வேண்டியதை மட்டும் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் — பார்வைக்கு, தோலுக்கு, நோயை எதிர்க்க. மிச்சம் தோலில் போய்த் தங்கும். கெடுதல் இல்லை. நிறுத்தினால் மெல்லப் போய்விடும்.

உப்புப் பாத்தியில் தண்ணீர் உப்பேறி முற்றும்போது ஒரு பாசியால் செம்மை தட்டுகிறதே, அந்தப் பாசியிலும் இதுதான். மனிதர் நாளெல்லாம் அதன் ஓரத்தில் நின்றுவிட்டு, ஊட்டிச் சரக்கை விலைக்கு வாங்கியிருக்கிறார். எங்கள் வேலி முருங்கையிலும் உண்டு. வேலியில் இருப்பதை யார் மதித்தார்கள்?

ஏப்ரல் 18

வீட்டில் பஞ்சாயத்து. மாமா, அத்தை, அம்மா. விளக்கினேன்: காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். கேரட் கண்ணைத் தொடாது. தமிழரசன் அனுப்பிய கண் போட்டோவைக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"போட்டோவுக்கு வெள்ளையடிக்கலாம்டி. பில்டரு," என்றார் மாமா.

"சரி. நல்ல கண்ணு எப்படி இருக்கும்னு நேர்லயே காட்டறேன். வெளிய வாங்க மாமா."

"வா, பாரு. ஒன் மாமன் சிங்கம்டி."

வெயிலில் நிறுத்தி, பாடம் நடத்தும் தோரணையில் அவருடைய கீழிமையை இழுத்தேன்.

மஞ்சள்.

அத்தை பார்த்தாள். பிறகு அம்மா. மாமா மட்டும், "இன்னா, சொல்லேன்? வெள்ளையா இருக்குதா?"

"மூத்திரம் என்ன நெறத்துல போவுது மாமா?"

சிங்கம் தரையைப் பார்த்தது.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரி வேண்டாமாம். கீழாநெல்லி போதுமாம். அம்மா போன் செய்தது யாருக்கு? அந்தக் குடிகாரப் பயலுக்குத்தான். பைக்கில் வந்தார். மாமாவை நடுவில் வைத்து, பின்னால் அத்தை பிடித்துக்கொள்ள, புதுச்சேரிக்கு.

ஏப்ரல் 20

ஈரல். இனி ஒரு சொட்டும் கூடாதாம்.

கல்யாணத்தை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 29

அத்தை கேட்டாள்: "கேரட் ஜூஸ் குடுத்தா அவருக்கு ஈரல் தேறுமாடி?"

எழுதி வைத்துச் சிரிக்க வேண்டிய கேள்வி. எழுதிவிட்டேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 21

மண்டபத்தில் நலங்கு. தமிழரசனின் உள்ளங்கை ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மாமா வந்தார், சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டது. சந்தனமும் மஞ்சளும் குழைத்து மாப்பிள்ளை கன்னத்தில் பூசினார்.

"ஏம்பா, இது கழுவுனா போயிடும். பயப்படாத."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிறம் பற்றித்தான் இருக்கும். "சும்மா இருடி," என்றார் மாமா.

அடுத்து என் கன்னம். பூசி முடித்ததும், யாரும் கேட்காமலே, சன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, தன் கீழிமையைத் தானே இழுத்துக் காட்டினார்.

"இன்னாம்மா, தேவலையா?"

பார்த்தேன். முன்பைவிடக் குறைவு. ஆனால் மஞ்சள்தான்.