முற்றத்தில் புகை வேண்டாம்

றஸ்னா,

உன் விவாகரத்து மனுவைக் காதியாரிடம் கொடுக்கப் போகிறேன். அசர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

கோழியை முற்றத்தில் சுட வேண்டாம். புகை எழும்பினால் வீட்டில் ஆள் இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். குசினியிலேயே வெங்காயமும் றம்பை இலையும் தாளித்துக் கோழியைப் போட்டு, பார்பிகியூ சோஸ் மூன்று கரண்டி ஊற்றி மூடி வேகவை. பருப்பிலும் ஒரு கரண்டி விட்டுப் பார், பிள்ளை சாப்பிடுவாள்.

நேற்று நீ உன் புருஷனோடு போனில் கதைத்ததற்கு ஏசிவிட்டேன். கூடப்பிறந்த மூத்தவள் ஏசியதுதானே, மனதில் வைக்காதே.

காலையில் அவன் பக்கத்து வீட்டில், "றஸ்னா இஞ்சயா இரிக்கா?" என்று கேட்டானாம். இல்லை என்றார்களாம். இன்னும் சந்தியில்தான் நிற்கிறான்.

றாத்தா

பி.கு: சாவி என்னிடம் இருக்கிறது, நான் தட்டமாட்டேன். தட்டுகிறவர் என் பெயரைச் சொன்னாலும் திறக்காதே.